கன்னியப்பன் மாத்திரையும் தாய் சியும்

என் பிரஷர் இருநூற்று இருபத்தாறு என்று அந்த நர்ஸ் பெண் சொன்னதும் நான் சண்டைக்குப் போனேன். "மெஷினு அவுட்டும்மா இது. வேற எட்தா" என்றேன். அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த மெஷினை இழுத்து வந்து என் கையில் பட்டையைச் சுற்றினாள். இருநூற்று இருபத்தெட்டு. கீழ் எண் நூற்று முப்பத்தாறு. "இன்னொரு மெஷின் கொண்டு வரட்டாண்ணா?" என்று கேட்டாள். பட்டையை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று.

பிரஷருக்கு ஏன் இரண்டு எண் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம் மேல் எண். தள்ளி முடித்து ஓய்வெடுக்கும்போது மிச்சம் இருப்பது கீழ் எண். நூற்றிருபது, எண்பது என்று இருந்தால் நிம்மதி. என் கதையில் கீழ் எண்ணே நல்ல மனிதனின் மேல் எண்ணைத் தாண்டியிருந்தது.

நான் சேவியர். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். நான்கு கால், காலுக்குக் கால் டயர், உச்சியில் கண்ணாடிக் கூண்டு. கூண்டின் தரையும் கண்ணாடிதான். காலுக்குக் கீழே பார்த்துத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். பத்தொன்பது வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து கீழே கத்துவதில் எனக்கு நல்ல பேர். வாக்கிடாக்கி இல்லாமலே மணலி வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இருபது டன் பெட்டி ஒன்றை டிரெய்லர் மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே சிக்னல் காட்டியது கன்னியப்பன், கொருக்குப்பேட்டைக்காரன், என் சிநேகிதன். "லெப்ட்ல அரை அடி மாமு" என்றான். லீவரைத் தொட்டேன். வலது கண்ணில் யாரோ தார் பூசியது மாதிரி இருண்டது. பின்மண்டையில் வலி என்றால் அப்படி ஒரு வலி. கை இருக்கிறது, லீவர் இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும், அதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. கிரேன் நின்றது. பெட்டி நிற்கவில்லை, ஆடியது. டிரெய்லர் மேல் குனிந்து நின்ற கன்னியப்பனின் தலையை உரசிக்கொண்டு போனதை இடது கண்ணால் பார்த்தேன். அவன் குதித்தான். விழுந்தான். இரண்டு முட்டியும் தோலுரிந்து எழுந்து, "இன்னா மாமு, தூங்கிட்டியா?" என்று கத்தினான். என்னிடமிருந்து பதில் வராததால் அவனேதான் ஏணியில் ஏறி மேலே வந்தான்.

ஆஸ்பத்திரிக்கு ரீட்டா, என் மனைவி, எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கம்பெனி எனக்கு வருடா வருடம் கொடுக்கும் உடல்தகுதிச் சான்றிதழ்கள், கடைசி எட்டு வருடத்தவை. ஒவ்வொன்றையும் லேமினேட் செய்து வைத்திருந்தாள். டாக்டரம்மா "இவருக்கு ஏற்கனவே பிரஷர் உண்டா?" என்று கேட்டதுதான் தாமதம், பையைப் பிரித்துவிட்டாள்.

"இல்லீங்கம்மா. வருசா வருசம் கம்பெனில பாக்கறாங்க. எல்லாம் நார்மலு. இந்தாங்க, பாருங்க. போன வருசம்கூட நூத்தி இருபத்தாறுதான்."

அவள் குரலில் ஒரு பெருமை. அந்த எட்டு அட்டையும் பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிரேன் ஏறுகிறவனுக்கு வருடத்துக்கு ஒரு மெடிக்கல் உண்டு. பிரஷர் அதிகம் என்றால் கூண்டில் ஏற விடமாட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன் எனக்கு மேல் எண் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. கம்பெனி டாக்டர், "அடுத்த வாரம் வா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். அன்று கேன்டீனில் நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது கன்னியப்பன் தோளில் கை போட்டான். "இதுக்குப் போய் பேஜாராவற? எனக்கு பிரஷர் கீது, மாசாமாசம் சுகாதார நிலையத்துல மாத்திரை சும்மா தராங்க. மெடிக்கலுக்கு மூணு நாளு முன்னாடி காலைல ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு போட்டுகினு போ. சோக்கா பாஸாயிடுவ." போட்டேன். பாஸானேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அந்த மூன்று நாள். மெடிக்கல் முடிந்ததும் மாத்திரையை மறந்துவிடுவேன். நான் மட்டும் இல்லை, யார்டில் நாலு ஆபரேட்டர். "கன்னியப்பன் மாத்திரை" என்றே அதற்குப் பேர். அவனுக்கே "டாக்டரு" என்று பட்டம். மெடிக்கல் சமயத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆள் போட்டி போடும்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கூண்டு போய்விடும். நாலு பேருடைய கூண்டும் போய்விடும். கன்னியப்பன் வேலையே போய்விடும். படுத்தபடியே மேல்தளத்தைப் பார்த்தேன்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நரம்பில் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஒரேயடியாக இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். "மூளை இந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கு. திடீர்னு குறைச்சா அதுக்கு ரத்தம் பத்தாம போயிடும். மெதுவாத்தான் இறக்கணும்" என்றார் டாக்டரம்மா. அது எனக்குப் புரிந்தது. பெட்டியை யாரும் தொப்பென்று போடுவதில்லை.

ஒவ்வொரு சோதனையின் முடிவும் ஒவ்வொரு அடி. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், பின்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ரத்தச் சோதனையில் கிட்னி சரியாக வடிகட்டவில்லை என்று வந்தது. நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள். திரையில் என் இதயம் வாய் திறந்து மூடியது. இடதுபக்கக் கீழறையின் சுவர் தடித்திருக்கிறதாம். "மூட்டை தூக்குறவங்க தோள் பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி. பளுவுக்கு எதிரா அடிச்சு அடிச்சுத் தடிச்சிருக்கு. இது ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வராது" என்ற டாக்டரம்மா சான்றிதழ்களைப் புரட்டினார். "ஆனா உங்க பேப்பர் வேற சொல்லுது."

ரீட்டா முந்திக்கொண்டாள். "அவருக்கு கோவம் மட்டும்தான் ஜாஸ்திங்க. வேற ஒன்யும் கெடையாது."

பேப்பரை நம்புகிற டாக்டர் என்ன செய்வார்? எட்டு வருடம் சரியாக இருந்தவனுக்கு இந்த வயதில் திடுமென்று இவ்வளவு ஏறினால் வேறு காரணம் ஒளிந்திருக்க வேண்டும் என்று தேடுவார். கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். கிட்னிக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம். கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் ரீட்டாவின் முகம் செத்துவிட்டது. அன்று மாலை நேராக மாதா கோயிலுக்குப் போய், எனக்குக் கட்டி இல்லை என்று வந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு வந்தாள். தன் தலைக்கு. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு.

சுரப்பியைச் சோதிக்க ஒரு நாள் முழுக்க மூத்திரம் சேர்த்துத் தர வேண்டும். ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நான் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்க, ரீட்டா மூடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஒரு சொட்டு கீழே போகவிடவில்லை. இல்லாத கட்டிக்காக அவள் காவல் காத்தாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டில் உப்பு நிறுத்தினார்கள். உப்பில்லாத நெத்திலிக் குழம்பை வாயில் வைத்ததும் தட்டைத் தள்ளினேன். "இத்த மனுசன் துன்னுவானா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்தார். ரீட்டா தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். அதிலும் அதே குழம்பு. "மூணு நாளா நானும் இத்தான் துன்னுறேன். செத்தா பூட்டேன்?" என்றாள். நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பிரஷர் நூற்று ஐம்பதுக்கு வந்தது. மாத்திரையும் மூன்று வகை ஆனது. அப்போதுதான் நஸீமா என்ற பிசியோதெரபிஸ்ட் வந்தாள், முப்பது வயது இருக்கும். வராந்தாக் கோடியில் தினமும் பதினோரு மணிக்கு பிரஷர்காரர்களை நிற்க வைத்து தாய் சி சொல்லிக் கொடுப்பாளாம். சீனாக்காரர்களின் சண்டைப் பயிற்சி, அதை மெதுவாகச் செய்வது என்றாள். போய்ப் பார்த்தேன். லுங்கி கட்டிய நாலு ஆண்களும் நைட்டி போட்ட மூன்று பெண்களும் காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா இது, வெள்ளையடிக்கிறாங்களா?" என்றேன்.

"நீங்களும் வந்து ஒரு கோட்டிங் அடிங்கண்ணா" என்றாள்.

கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, முட்டியைத் தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது கை தானாக எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். பிறகு உடல் கனத்தை ஒரு காலில் இருந்து மற்ற காலுக்கு மாற்ற வேண்டும். முழுக் கனமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் காலி கால் எழும்பலாம். கேட்க ஒன்றுமில்லை. செய்தால் தொடை நடுங்குகிறது. எல்லோரும் தடுமாறினார்கள். எனக்கு மட்டும் இரண்டாவது நாளே வந்துவிட்டது.

"ஏற்கனவே கத்துக்கிட்டீங்களாண்ணா?" என்று நஸீமா வியந்தாள். எனக்கே ஆச்சரியம்தான். யோசித்துப் பார்த்தால் அது என் தொழில். கிரேனை நிறுத்தினால் தொங்கும் பெட்டி முன்னால் ஆடும். புதிதாக வந்தவன் பயந்து பின்னால் இழுப்பான், ஆட்டம் இரண்டு மடங்காகும். தெரிந்தவன் பெட்டி போகிற பக்கமே கொஞ்சம் போய், அது உச்சியைத் தொடும்போது அதனோடு சேர்ந்து நிற்பான். ஆட்டம் அடங்கிவிடும். பத்தொன்பது வருடம் இரும்புக்குச் செய்ததை என் உடம்புக்கு ஒரு நாளும் செய்ததில்லை.

இதைச் சொன்னபோது நஸீமா சிரித்தாள். ஆனால் கறாராக ஒன்று சொன்னாள். "இது மாத்திரைக்குப் பதில் இல்லைண்ணா. மாத்திரையோட கூட. மூச்சு நிதானமாச்சுன்னா ரத்தக்குழாய் கொஞ்சம் தளரும், மாசக்கணக்கா விடாம செஞ்சா கொஞ்சம் எண் இறங்கும். நல்லாருக்குன்னு மாத்திரையை நிறுத்திட்டு மறுபடியும் இங்க வர்றவங்களை நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." அந்தக் கடைசிப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது.

இருந்தாலும் அந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்துப் போனது. வராந்தாவில் நின்று மூச்சை விடும்போது கழுத்து நரம்பு தளர்வது தெரிந்தது. அந்த நேரத்தில் யாரையும் திட்டத் தோன்றவில்லை. இப்படி ஒரு அமைதி என் உடம்புக்குள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எட்டாம் நாள் காலை டாக்டரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். மூத்திரச் சோதனையில் சுரப்பி சரி. மிச்சம் இருப்பது கிட்னியின் ரத்தக்குழாய். நரம்பில் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும். "இவர் கிட்னி ஏற்கனவே சோர்ந்து இருக்கு. சாயம் அதை இன்னும் பாதிக்க வாய்ப்பு இருக்கு. சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். ஆனா காரணத்தைக் கண்டுபிடிக்கணுமே. யோசிச்சு மதியத்துக்குள்ள கையெழுத்துப் போடுங்க" என்றார். ரீட்டா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். அப்போதும் நான் சொல்லவில்லை. எழுதவே கூசுகிறது. கிட்னியை விடக் கூண்டு எனக்குப் பெரிதாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கன்னியப்பன் வந்தான். சாத்துக்குடிப் பையோடு, முட்டியில் இன்னும் பிளாஸ்திரியோடு. நான் வராந்தாவுக்குக் கிளம்ப, "நானும் வரேன் மாமு, சைனா டான்ஸ் பாக்கறேன்" என்று கூடவே வந்தான். நஸீமா வகுப்பு தொடங்கும் முன் எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பாள். துணைக்கு வந்தவர்களையும் விடமாட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? நானே டாக்டரு" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஏறியது. இன்னும் ஏறியது. நஸீமா இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை மற்ற கையில் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இருநூற்றுப் பத்து, நூற்றிருபத்தி நாலு.

"அண்ணா, நீங்க மாத்திரை சாப்பிடுறதில்லையா?"

"அவன் தெனம் சாப்புடறவம்மா" என்று நான் சொன்னேன். "ஏன்டா, சொல்லேன். மாத்திரை துன்னுறல்ல?"

அவன் முட்டிப் பிளாஸ்திரியின் ஓரத்தைச் சுரண்டினான்.

"டேய் கன்னி, டபாய்க்காத. துன்னுறியா இல்லியா?"

"எங்க மாமு துன்றது? மாசத்துக்கு முப்பது தராங்க. நம்ம யார்டுல நாலு பேரு. அப்பால விம்கோ நகர் பக்கத்து யார்டுக்காரனுங்க வந்தானுங்க. எண்ணூர்ல லாரி ஓட்டறவனுங்க வந்தானுங்க. எவனுக்காவது மாசாமாசம் மெடிக்கலு வந்துகினே கீது. இல்லன்னு எப்டி சொல்ல சொல்ற?"

"எவ்ளோ நாளா?"

"அஞ்சு வருசம் இருக்கும். துன்னாட்டியும் எனக்கு ஒன்யும் தெர்ல மாமு. தல மட்டும் எப்பனா வலிக்கும்." குரல் இறங்கியது. "என்னைய எவன் மதிச்சான்? கொடி காட்டறவன். கூண்டுல ஏறுற நீங்க வந்து 'டாக்டரே'ன்னு கூப்டா, நல்லாத்தான் இருந்துச்சு."

மெர்சலாகிப் போனேன் என்று சொன்னால் போதாது. எட்டு வருடமாக நான் விழுங்கியது என் பொய்யை மட்டும் இல்லை. அவன் மருந்தையும். அவன் உயிரைத் தின்றுவிட்டு, அவன் தலைக்கு மேலேயே இருபது டன் பெட்டியை ஆட்டியிருக்கிறேன். எனக்காவது ஒரு கண் இருண்டது, அழைத்து வந்துவிட்டார்கள். இவன் ஏதாவது ஒரு வெயிலில் டிரெய்லருக்கும் பெட்டிக்கும் நடுவில் சுருண்டு விழுந்தால், மயக்கம் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்போம்.

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா ரீட்டாவின் பக்கத்தில் நின்றிருந்தார். ரீட்டா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"டாக்டர், அந்தப் பேப்பர் எல்லாம் பொய்யி" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "எட்டு வருசமா பொய்யி. எனக்கு அப்பவே பிரஷர். மூணு மூணு நாளு இவன் மாத்திரையப் போட்டுகினு பாஸ் பண்ணேன். எனக்கு சாயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொதல்ல இவனப் பாருங்க. இவனுக்கு இருநூறத் தாண்டி கீது."

டாக்டரம்மா ரீட்டா கையிலிருந்த படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "இது பழைய பிரஷர். வைத்தியம் பாக்காத பிரஷர். இதைத்தான் எட்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன்னியப்பனை உட்காரச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ரீட்டா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்துக் கிழிக்கப் பார்த்தாள். லேமினேட் செய்திருந்ததால் கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அப்போதும் கிழியவில்லை. எட்டையும் சேர்த்து என் மார்பில் வீசினாள். "கட்டி, கட்டின்னு நான் செத்துகினு இருந்தேன்யா. நீ பாத்துகினே படுத்துருந்த" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். கன்னியப்பன் பக்கத்துக் கட்டிலில் கையில் ஊசியோடு, "அடிக்காத தங்கச்சி, பிரஷர் ஏறும்" என்றான். அவனையும் ஒரு அட்டையால் அடித்தாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கம்பெனி டாக்டரிடம் என் கதையை நானே போய்ச் சொன்னேன். கூண்டு போய்விட்டது. இப்போது கேட்டில் நின்று பெட்டி எண்களைச் சரிபார்க்கிறேன். அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் எரிகிறது. வலது கண் ஓரத்தில் ஒரு அழுக்கு மாதிரி நிற்கிறது, அது இனி போகாது. கன்னியப்பனைத் திட்டிவிட்டு வேலையில் வைத்துக்கொண்டார்கள். மற்ற ஆபரேட்டர்களின் பேரை நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் முடிவாகவில்லை.

காலை ஆறு மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் தாய் சி. நான், மாதாவுக்கு வேண்டிக்கொண்டபடி மொட்டை போட்டு இப்போது காதளவு முடி வளர்ந்திருக்கும் ரீட்டா, கொருக்குப்பேட்டையிலிருந்து வண்டியில் வந்துவிடும் கன்னியப்பன். எதிர்மாடிக்காரன், "இன்னா சேவி, காத்துல பரோட்டா போடறியா?" என்று கேட்பான். முன்பெல்லாம் என்றால் செங்கல் பறந்திருக்கும். இப்போது மூச்சை விட்டுவிட்டு, அடுத்த காலுக்குக் கனத்தை மாற்றிவிடுவேன். கருவாட்டுப் பானையை ரீட்டா தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். என் எண் இப்போது நூற்று முப்பத்திரண்டு, எண்பத்தி நாலு. மூன்று மாத்திரையை டாக்டரம்மா இரண்டாக்கியிருக்கிறார். தாய் சியால் எவ்வளவு, மாத்திரையால் எவ்வளவு, உப்பில்லாத குழம்பால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலு வந்தான். என் கூண்டில் இப்போது உட்காருகிறவன், முப்பத்தெட்டு வயது, அவனும் பழைய மாத்திரைக்காரன். கன்னியப்பனும் எங்கள் வீட்டில்தான் இருந்தான். "டாக்டரண்ணே, திங்கக்கெழம மெடிக்கலு. எப்பவும் போல..." என்று இழுத்தான்.

"மாத்திரை இல்ல. மெஷின் கீது. கைய நீட்டு" என்றான் கன்னியப்பன். பட்டையை அவனே சுற்றினான்.

நூற்றுத் தொண்ணூற்றாறு, நூற்றுப் பதினெட்டு. வேலு எட்டிப் பார்த்து, "இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?" என்று கேட்டான். மறுநாள் காலை அவன் ஷிப்ட். அவன் பெட்டிக்குக் கீழே நிற்கப்போவது கன்னியப்பன்.

நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். என் கண்ணைக் காட்டினேன். வேலு கேட்கவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணுண்ணே. கேபின் பூட்டா நான் எங்க போவேன்? இந்த ஒரு தபா. உன் கால்ல வேணா வுழறேன் டாக்டரண்ணே" என்று அழ ஆரம்பித்தான். கன்னியப்பனின் முகம் இளகுவதைப் பார்த்தேன். அவனை எனக்குத் தெரியும். கேட்டவனுக்கு இல்லை என்று அவன் வாயில் வந்ததே கிடையாது. அவன் கை சட்டைப் பைக்குப் போனது. மாத்திரை அட்டை வெளியே வந்தது. அவனுடைய சாயங்கால மாத்திரை. அதைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தான். வேலு அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான்.

கன்னியப்பன் மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இது என்து" என்றான். "உன்து வேணும்னா எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டரம்மா கீறாங்க. நானும் வரேன்."

வேலு நீட்டிய கையை மடக்கவில்லை. பட்டை இன்னும் அந்தக் கையில்தான் சுற்றியிருந்தது.